அருவிக்கு வெள்ளை கடைசியிலதான்: அக்ரிலிக்ல குற்றாலம் மெயினருவி வரையலாம் வாங்க

அருவி வரையணும்னு உக்காந்ததும் கை தன்னால வெள்ளை ட்யூபத்தான் தேடும். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். வெள்ளை கேன்வாஸ்ல நீளமா வெள்ளைப் பட்டை ஒண்ண இழுத்து, ரெண்டு பக்கமும் பச்சையும் ப்ரவுனும் வச்சு முடிச்சுட்டு தள்ளி நின்னு பாத்தா துணி தொங்குற மாதிரி இருந்துச்சே ஒழிய தண்ணி விழுற மாதிரி இல்ல. மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. அடுத்த சீசன்ல குற்றாலம் போனப்ப குளிக்காம மெயினருவிக்கு எதிர்ல ஒரு மணி நேரம் சும்மா நின்னு பாத்தேன், அப்பதான் பிடிபட்டுச்சு: அங்க அருவிய வெள்ளையா காட்டறதே நனஞ்ச பாறையோட கருப்புதான். பாறை காஞ்சு கெடக்குற ஏப்ரல்ல அதே எடத்துல சாம்பலா இருக்கும், தண்ணி பட்டதும் கன்னங்கரேல்னு ஆயிடும், அந்தக் கருப்பு மேல தண்ணி ஓடும்போதுதான் அவ்வளவு பளிச்சுனு தெரியுது.

அதனால இந்தக் கட்டுரைல நான் திரும்பத் திரும்ப சொல்லப்போறது ஒண்ணுதான், முதல்ல இருட்ட வரைங்க, தண்ணி அதுக்கு மேல வரட்டும், சுத்தமான வெள்ளைய கடைசி பத்து நிமிஷத்துக்கு எடுத்து வைங்க. அக்ரிலிக் இதுக்கு ரொம்பத் தோதான பெயின்ட், ஏன்னா சீக்கிரம் காயும், காஞ்ச இருட்டு மேல வெளுப்ப வச்சா கீழ இருக்கறது கரைஞ்சு கலங்காது. வாட்டர் கலர்ல இந்த வரிசை அப்படியே தலைகீழ், அங்க பேப்பரோட வெள்ளைய விட்டு வச்சுட்டுத்தான் சுத்தி வரையணும். வாட்டர் கலர் பழகிட்டு வர்றவங்க அந்தப் பழக்கத்த மட்டும் இங்க கொண்டு வராதீங்க.

ஏன் மெயினருவின்னா எனக்குத் தெரிஞ்ச அருவி அது. கிட்டத்தட்ட 60 மீட்டர் உயரம், ஆனா ஒரே வீச்சுல விழறது இல்ல, நடுவுல பொங்குமாங்கடல்ங்கற பள்ளத்துல விழுந்து, அங்க பொங்கி, அப்புறம் கீழ இருக்கற அகலப் பாறை மேல பரவி எறங்கும். வரையறவங்களுக்கு இது பெரிய வரம். ஒரே கோடா விழுற அருவில கண்ணு மேலேருந்து கீழ வந்துட்டு வெளிய போயிடும், இங்க நடுவுல ஒரு எடத்துல நின்னு மூச்சு வாங்கிட்டு எறங்கும். இந்தப் பக்கத்து அருவிகள வரைய ஆசைப்பட்டவங்க ரொம்ப காலமாவே உண்டு, 1792 வாக்குல தென்னிந்தியா பக்கம் வந்த தாமஸ் டேனியல், அவரோட அண்ணன் மகனோ தம்பி மகனோ ஆன வில்லியம் டேனியல்னு ரெண்டு ஆங்கிலேய ஓவியர்கள் பாபநாசம் அருவிய வரைஞ்சிருக்காங்க. குற்றாலத்துலயே சித்திர சபை இருக்கு, நடராஜர் அங்க சிலையா இல்லாம சுவர்ல ஓவியமா இருக்கார். குளிக்கப் போறவங்க நெறைய பேர் அங்க எட்டிப் பாக்காமலே திரும்பிடறாங்க, நீங்க அப்படிப் பண்ணாதீங்க.

என்னென்ன வாங்கணும்

கேன்வாஸ் 16க்கு 20 இன்ச் எடுத்துக்குங்க, நெட்டாக்குல வைக்கறதுக்கு. அதவிட சின்னதா எடுத்தா மூடுபனி, சாரல் எல்லாம் பரப்ப எடம் இருக்காது, பெருசா எடுத்தா முதல் தடவையே கை சோந்து போயிடும். கடைல விக்கற கேன்வாஸ் பெரும்பாலும் ஜெஸ்ஸோ, அதாவது பெயின்ட் ஒட்டறதுக்காக முதல்ல அடிக்கற வெள்ளைப் பூச்சு, அடிச்சே வரும், இருந்தாலும் இன்னொரு கோட் ஜெஸ்ஸோ அடிச்சு காய விட்டா ப்ரஷ் வழுக்காம புடிச்சு ஓடும்.

கலர் நெறைய வேண்டாம். டைட்டானியம் வொயிட், அல்ட்ராமரைன் ப்ளூ, பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், லெமன் யெல்லோ, தாலோ க்ரீன், இந்த ஏழு போதும். வெள்ளை மட்டும் பெரிய ட்யூபா, 120 மில்லி வாங்கிடுங்க, மத்ததெல்லாம் சின்னது போதும். கருப்பு ட்யூப் வாங்கவே வேண்டாம், அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சரிபாதி கலந்தா ட்யூப் கருப்பவிட நல்ல கருப்பு வரும், நீலம் கூடினா குளிர்ச்சியா, அம்பர் கூடினா சூடா, பாறைக்குள்ளயே ரெண்டையும் மாத்தி மாத்தி வைக்கலாம். ட்யூப் கருப்புல பாறை வரைஞ்சா தார் ரோடு மாதிரி ஒரே தட்டையா போயிடும். தாலோ க்ரீன் ஜாக்கிரதை, அரிசி அளவு போதும், அதுக்கு மேல எடுத்தீங்கன்னா படம் பூரா பச்சையாயிடும், தனியா அந்தப் பச்சைய எங்கயும் வைக்காதீங்க, எப்பவும் சியன்னாவோ ஓக்கரோ கலந்துதான்.

ப்ரஷ்ல 2 இன்ச் ஃப்ளாட் (நுனி பட்டையா இருக்கறது) ஒண்ணு, 1 இன்ச் ஃப்ளாட் ஒண்ணு, அரை இன்ச் ஃப்ளாட் ஒண்ணு, மெல்லிசான லைனர் ஒண்ணு, மெத்துனு இருக்கற மாப் ப்ரஷ் ஒண்ணு. அப்புறம் வீட்ல முடி விரிஞ்சு கெட்டுப்போன பழைய ப்ரஷ் இருந்தா தூக்கிப் போட்றாதீங்க, இலை போட அதவிட நல்ல சாமான் கெடையாது. பேலட் நைஃப், அதாவது பெயின்ட் கலக்கவும் தடவவும் வளையற தகடு மாதிரி கத்தி, ஒண்ணு. விசிறி மாதிரி விரிஞ்ச ஃபேன் ப்ரஷ் வாங்கலாம், ஆனா அருவிக்கு அதத்தான் எல்லாரும் சொல்வாங்கன்னாலும் புதுசா பழகறவங்க கைல அது சீப்பு வாரின மாதிரி சம சமமா கோடு போட்டுடும், எனக்கு அரை இன்ச் ஃப்ளாட்தான் சொன்னபடி கேக்குது.

இன்னொண்ணு, பெயின்ட் கலக்கற தட்டான பேலட்லயே காஞ்சு போறது நம்ம ஊர் வெயில்ல பெரிய தொல்லை. மூடி உள்ள ஒரு தட்டையான டிஃபன் டப்பால டிஷ்யூ பேப்பர நனச்சு விரிச்சு, அதுக்கு மேல கேக் சுடும்போது அடில போடற பேப்பர வச்சு, அது மேல பெயின்ட் எடுத்து வைங்க. ஒரு நாள் பூரா காயாம இருக்கும், சாயங்காலம் மூடி வச்சுட்டு மறுநாளும் எடுக்கலாம். கூடவே தண்ணி அடிக்கற ஸ்ப்ரே பாட்டில், பழைய பனியன் துணி, ரெண்டு டம்ளர் தண்ணி. ரெண்டு டம்ளர் எதுக்குன்னா ஒண்ணு கழுவ, இன்னொண்ணு பெயின்ட்ல கலக்க, அழுக்குத் தண்ணிய கலந்தா வெள்ளை ஒருநாளும் வெள்ளையா வராது.

போட்டோவும் ஸ்கெட்ச்சும்

குற்றாலத்துக்கு போறதா இருந்தா ஜூன்லேருந்து ஆகஸ்ட் வரை சீசன், நீங்களே போட்டோ எடுத்துக்குங்க. வெள்ளம் வர்ற நாள்ல எடுத்தது வேண்டாம், அன்னிக்கு மண்ணு கலந்து செவப்பா வரும், குளிக்கவும் விட மாட்டாங்க, பாக்க பயங்கரமா இருந்தாலும் பாறையே தெரியாம மூடிடும், பாறை இல்லாம நமக்கு படம் இல்ல. தண்ணி மிதமா, நடுநடுவுல பாறை எட்டிப் பாக்கற மாதிரி இருக்கற நாள்தான் நல்லது.

போட்டோல ஒரு விஷயம் கவனிங்க. ஷட்டர் மெதுவா வச்சு எடுத்த படத்துல தண்ணி பட்டுப்புடவை மாதிரி வழுவழுனு இருக்கும், வேகமா வச்சு எடுத்ததுல ஒவ்வொரு துளியும் கண்ணாடித் துண்டு மாதிரி நிக்கும், நம்ம கண்ணு பாக்கறது ரெண்டுக்கும் நடுவுல. அதனால ரெண்டு விதமாவும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுக்குங்க, மெதுவான படத்துல தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க, வேகமான படத்துல அது எப்படி ஒடையுதுன்னு பாருங்க. அப்புறம் போன்லயே அந்தப் படத்த கருப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. பாத்தீங்கன்னா ஆச்சரியப்படுவீங்க, அருவில பாதிக்கு மேல சாம்பல்தான் இருக்கும், சுத்த வெள்ளை அங்கங்க கொஞ்சம்தான்.

நம்ப முடியலன்னா ஒரு வெள்ளை பேப்பர எடுத்து ஜன்னல்கிட்ட பாதி வெயில்லயும் பாதி நெழல்லயும் புடிங்க. ரெண்டுமே வெள்ளைதான்னு மூளை சொல்லும், ஆனா கண்ண சுருக்கிப் பாத்தா நெழல்ல இருக்கற பாதி நீலம் கலந்த சாம்பலா இருக்கும். அருவியும் அப்படித்தான்.

ஸ்கெட்ச்சுக்கு பென்சில் வேண்டாம், கரி மேல வெள்ளை அடிக்கும்போது அழுக்காகும். ஸ்கூல் சாக்பீஸ் போதும், தப்பானா ஈரத்துணில தொடச்சுக்கலாம். அதுக்கு முன்னால கேன்வாஸ் பூரா பர்ன்ட் சியன்னாவ தண்ணி விட்டு எளக்கி மெல்லிசா ஒரு கோட் அடிச்சு காய வச்சுடுங்க, வெள்ளை கேன்வாஸ் மேல எந்த டோனும் சரியா தெரியாது, இந்தச் செம்மண் கலர் மேல இருட்டும் வெளுப்பும் ரெண்டும் உடனே தெரியும். தவிர கடைசில பாறை இடுக்குல அங்கங்க இந்த செவப்பு எட்டிப் பாத்தா அவ்வளவு உயிரா இருக்கும்.

அருவிய நட்ட நடுவுல வைக்காதீங்க. 16 இன்ச் அகலத்துல எடதுபக்கத்துலேருந்து ஆறு இன்ச் தள்ளி மேல் அருவி எறங்கட்டும், மேல மூணு இன்ச் வானத்துக்கும் மலைக்கும் விடுங்க, பொங்குமாங்கடல் மேலேருந்து எட்டு இன்ச் கிட்ட வரட்டும், அதுக்குக் கீழ தண்ணி விசிறி மாதிரி வலதுபக்கமா விரியட்டும். கோட்ட ஸ்கேல் வச்சு போடாதீங்க, தண்ணி ஒவ்வொரு பாறை விளிம்புலயும் முட்டி கொஞ்சம் தெசை மாறும்.

வானமும் தூரத்து மலையும்

இதுல ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். சீசன்ல வானம் நீலமா இருக்காது, மேகம் மலை மேலயே உக்காந்திருக்கும். வெள்ளையோட துளி அல்ட்ராமரைன், துளி அம்பர் கலந்து வெளிறின சாம்பலா 2 இன்ச் ப்ரஷ்ல அடிங்க, ஈரம் காயறதுக்குள்ள அதே கலர்ல இன்னும் கொஞ்சம் நீலமும் கடுகளவு தாலோ க்ரீனும் சேத்து தூரத்து மலைய வச்சு, மலை உச்சிய மாப் ப்ரஷ்ஷால வானத்துக்குள்ள தேய்ச்சு விட்டுடுங்க. எங்க மலை முடியுது எங்க மேகம் ஆரம்பிக்குதுன்னு தெரியக்கூடாது. கிட்ட வர வர பச்சையும் இருட்டும் கூடணும், தூரம் போகப் போக நீலமும் வெளுப்பும் கூடணும், அவ்வளவுதான்.

பாறைக்கு நேரம் கொடுங்க

இங்கதான் படம் ஜெயிக்கறதும் தோக்கறதும். அல்ட்ராமரைன், அம்பர் கலந்த இருட்ட 1 இன்ச் ப்ரஷ்ல எடுத்து பாறை இருக்கற எடம் பூரா அடிங்க, தண்ணி வரப்போற எடத்துலயும் சேத்து அடிங்க. நிறைய பேருக்கு இங்கதான் தைரியம் வராது, அருவி எடத்த மட்டும் காலியா விட்டுட்டு சுத்தி அடிப்பாங்க, அப்ப மறுபடி அந்த வெள்ளைப் பட்டைதான் வரும். சாக்பீஸ் கோடு மறைஞ்சா பரவால்ல, காஞ்சதும் மறுபடி போட்டுக்கலாம்.

அக்ரிலிக் ஈரத்துல இருக்கறதவிட காஞ்சதும் ஒரு ஷேட் இருட்டாயிடும், பெயின்ட்ல இருக்கற பசை ஈரத்துல பால் மாதிரி வெள்ளையா இருந்து காஞ்சதும் கண்ணாடி மாதிரி ஆயிடறதுதான் காரணம். அதனால எந்தக் கலரும் கலக்கும்போது வேணுங்கறதவிட கொஞ்சம் வெளுப்பா கலங்க. சந்தேகமா இருந்தா ஒரு ஓரமா பேப்பர்ல தடவி ஃபேன் காத்துல காட்டிப் பாத்துட்டு அப்புறம் படத்துல வைங்க.

இருட்டு காஞ்சதும், மெல்லிசா அடிச்சிருந்தா ஃபேன் கீழ பத்து பதினஞ்சு நிமிஷத்துல காஞ்சுடும், மழைக்காலம்னா அரைமணி நேரம் ஆகலாம், அடுத்தது பாறையோட வடிவம். வெளிச்சம் எடதுபக்கம் மேலேருந்து வருதுன்னு முடிவு பண்ணிக்குங்க, படம் முடியற வரைக்கும் அத மாத்தாதீங்க. அந்த இருட்டுலயே கொஞ்சம் ஓக்கரும் வெள்ளையும் சேத்து நடுத்தரமா ஒரு சாம்பல் ப்ரவுன் கலந்து பேலட் நைஃபோட அடிப்பக்கத்துல பட்டைனு எடுத்துக்குங்க. இப்ப நைஃப அழுத்தாம, ரொட்டில வெண்ணெய் தடவற மாதிரி இல்லாம, கேன்வாஸ்ல பட்டும் படாம எடதுபக்க முகங்கள் மேல ஒரே இழுப்பா இழுத்து விட்டுடுங்க. பெயின்ட் அங்கங்க ஒட்டும், அங்கங்க விட்டுப் போகும், விட்டுப் போன எடத்துல கீழ இருக்கற கருப்பு விரிசலா தெரியும். கையால ஒவ்வொரு விரிசலா வரைஞ்சா கூட இவ்வளவு இயல்பா வராது. ஒரே எடத்துல ரெண்டாவது தடவை இழுத்தா போச்சு, விரிசல் எல்லாம் மூடி சுவரு பூசின மாதிரி ஆயிடும், கை துறுதுறுன்னாலும் விட்டுடுங்க.

தண்ணிக்குப் பக்கத்துல இருக்கற பாறை நனஞ்சது, அத வெளுக்காதீங்க, இருட்டாவே இருக்கட்டும், மேல விளிம்புல மட்டும் வானத்தோட சாம்பல் நீலத்துல மெல்லிசா ஒரு பளபளப்பு. தள்ளி இருக்கற காஞ்ச பாறைல ஓக்கரும் சியன்னாவும் கூடுதலா வரலாம். இந்த வித்தியாசம் ஒண்ணு இருந்தாலே பாக்கறவங்களுக்கு ஈரம் தெரிஞ்சுடும். குற்றாலத்துல அருவிப் பாறைலயே சின்னச் சின்னதா சிவலிங்கங்கள் செதுக்கியிருக்கறது தெரியும், அதையும் வைக்கணும்னு ஆசைப்பட்டா லைனர் ப்ரஷ்ல ரெண்டு மூணு சின்ன வளைவு போதும்.

இப்ப தண்ணி, மூணு லேயரா

முதல் லேயர் சாம்பல். வெள்ளை நாலு பங்கு, அல்ட்ராமரைன் ஒரு பங்கு, அம்பர் அரைப் பங்கு, பாக்க மழை மேகம் மாதிரி இருக்கணும். அரை இன்ச் ஃப்ளாட் ப்ரஷ்ஷ கழுவி நல்லா துணில தொடச்சு காய வச்சுக்குங்க, ஈர ப்ரஷ் இதுக்கு ஆகாது. பெயின்ட்ல நுனிய தொட்டு, பனியன் துணில முக்கால்வாசிய தொடச்சு எடுத்துடுங்க, ப்ரஷ்ல பெயின்ட் இருக்கா இல்லையான்னே தெரியக்கூடாது. இப்ப அருவி விளிம்புல ப்ரஷ்ஷ வச்சு கீழ்நோக்கி இழுத்து, இழுத்துட்டு இருக்கும்போதே கைய தூக்கிடணும், விமானம் ஓடிட்டே மேல எழும்புமே அந்த மாதிரி, நிறுத்தித் தூக்கினா அங்க ஒரு பொட்டு விழும். மேல அழுத்தம், கீழ வர வர லேசு. கேன்வாஸோட நெசவுல மேடான எடத்துல மட்டும் பெயின்ட் ஒட்டும், பள்ளத்துல கருப்பு அப்படியே நிக்கும், தண்ணிக்குப் பின்னால பாறை தெரியும். இதத்தான் ட்ரை ப்ரஷ்னு சொல்றது. அருவி வரையறதுல முக்கால் பங்கு வித்தை இந்த ஒரு இழுப்புலதான் இருக்கு, அதனால படத்துல கை வைக்கறதுக்கு முன்னால கருப்பு அடிச்ச ஒரு அட்டைல அம்பது தடவையாவது இழுத்துப் பாருங்க, உண்மையா சொல்றேன், அம்பதாவது இழுப்பும் முதல் இழுப்பும் ஒண்ணா இருக்காது.

மேல விளிம்புல தண்ணி பாறைய தாண்டி வளையற எடம் இருக்கே, அங்க தண்ணி இன்னும் ஒடையல, காத்து உள்ள போகல, அதனால வெள்ளையா இருக்காது, கண்ணாடி மாதிரி வழுவழுனு பின்னால இருக்கற பாறை கலர்லயே பச்சையும் ப்ரவுனுமா இருக்கும். அமெரிக்க ஓவியர் ஃப்ரெடரிக் சர்ச் 1857ல வரைஞ்ச நயாகரா ஓவியத்துல தண்ணி விளிம்புல திரும்பற எடத்த பச்சையா கண்ணாடியா காட்டியிருப்பார், இன்டர்நெட்ல தேடி பெருசாக்கிப் பாருங்க, அந்த ஒரு எடத்தப் பாத்தாலே தண்ணியோட கனம் தெரியும். நம்ம படத்துலயும் விளிம்புல அரை இன்ச்சுக்கு ஓக்கர், தாலோ க்ரீன், கொஞ்சம் சாம்பல் கலந்து மெல்லிசா வளைவா வைங்க, வெள்ளை அதுக்குக் கீழதான் ஆரம்பிக்கணும்.

ரெண்டாவது லேயர், அதே சாம்பல்ல இன்னும் ரெண்டு மடங்கு வெள்ளை சேத்தது. முதல் லேயர் நல்லா காஞ்சப்புறம், அதுல பாதி எடத்துல மட்டும். எல்லா எடத்துலயும் போட்டா முதல் லேயர் போட்டதே வீண். எங்க போடறதுன்னு குழப்பமா இருந்தா போன் போட்டோவ பாருங்க, விழுற தண்ணி ஒரே திரையா விழாது, கொத்துக் கொத்தா விழும், ஒவ்வொரு கொத்துக்கும் தலை கீழயும் வால் மேலயும் இருக்கும், வால் நட்சத்திரம் செங்குத்தா விழுற மாதிரி. அந்தத் தலைகள் வர்ற எடத்துல ப்ரஷ் ஓரத்தால சின்னதா தட்டி, மேல் பக்கமா லேசா இழுத்து விடுங்க. ஆமா, இத மட்டும் கீழேருந்து மேல இழுக்கணும். எல்லாக் கொத்தும் ஒரே உயரத்துல வராம ஏத்தி எறக்கி வைங்க.

பொங்குமாங்கடலுக்குக் கீழ வர்ற தண்ணி வேற மாதிரி. அது காத்துல விழறது இல்ல, பாறை மேல உருண்டு வழியறது, அதனால நேர் இழுப்பு கூடாது, பாறை எப்படி மேடு பள்ளமா இருக்கோ அப்படியே ப்ரஷ்ஷும் ஏறி எறங்கணும், ஒவ்வொரு மேட்டுலயும் தண்ணி ரெண்டா பிரியும், கீழ போயி மறுபடி சேரும். கருப்புப் பாறைய நடுநடுவுல தீவு தீவா விட்டுடுங்க, எவ்வளவு விடறீங்களோ அவ்வளவு வேகமா தெரியும்.

சாரல்

அருவி அடில தண்ணி பாறைல மோதி புகையா கெளம்புமே, அத வரையாம விட்டா அருவி அந்தரத்துல வெட்டி ஒட்டின மாதிரி நிக்கும். இது கொஞ்சம் பொறுமை கேக்கற வேலை. வெள்ளைல துளி சாம்பல் கலந்து, நெறைய தண்ணி விட்டா வழியும், அதனால தண்ணிக்கு பதிலா க்ளேசிங் மீடியம் (பெயின்ட மெல்லிசா, பின்னால இருக்கறது தெரியற மாதிரி எளக்கற திரவம்) இருந்தா அதுல எளக்குங்க, இல்லன்னா பெயின்ட ரொம்ப ரொம்ப கொஞ்சமா எடுங்க. கேன்வாஸ்ல அந்த எடத்துல ஸ்ப்ரேயால ஒரே ஒரு தடவை அடிச்சு லேசா ஈரமாக்கி, பெயின்ட மோதற எடத்துக்கு நடுவுல வச்சு, காஞ்ச மாப் ப்ரஷ்ஷால வட்ட வட்டமா வெளிப்பக்கமா தேய்ச்சுட்டே போங்க, ஓரத்துல ஒண்ணுமே இல்லாம மறையணும். ஓரம் கோடா நின்னுச்சுன்னா விரலால தேய்ச்சு விடுங்க. காஞ்சதும் பாத்தா பாதி காணாம போயிருக்கும், பயப்படாதீங்க, அதே மாதிரி மூணு நாலு தடவை மெல்லிசா ஏத்துங்க. ஒரே தடவைல கெட்டியா வச்சா பஞ்சு ஒட்டின மாதிரி ஆயிடும். ஜிங்க் வொயிட் கெடைச்சா சாரலுக்கு அது இன்னும் நல்லது, டைட்டானியம் அளவுக்கு மூடாது, பின்னால இருக்கறது தெரியும்.

பொங்குமாங்கடல் கிட்ட ஒரு சாரல், கீழ குளிக்கற எடத்துல பெரிய சாரல், அப்புறம் அருவிக்கு ரெண்டு பக்கமும் பாறை மேல லேசா ஒரு படலம். பக்கத்துப் பாறையோட அடி அந்தப் புகைக்குள்ள முங்கிப் போகணும், அப்பதான் ஆழம் வரும்.

மரம், கீழ்த் தண்ணி, ஆளுங்க

இலைக்கு அந்த விரிஞ்ச ப்ரஷ்ஷ எடுங்க. தாலோ க்ரீன், அம்பர், அல்ட்ராமரைன் கலந்த கரும்பச்சைல முதல்ல தட்டித் தட்டி மரக்கூட்டத்த வச்சுட்டு, காஞ்சதும் ஓக்கர் கலந்த பச்சை, கடைசியா லெமன் யெல்லோ கலந்த பச்சை எடதுபக்க மேல்நுனில மட்டும். ப்ரஷ்ஷ ஒவ்வொரு தட்டுக்கும் கைல கொஞ்சம் திருப்பிட்டே இருங்க, இல்லன்னா முத்திரை குத்தின மாதிரி ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வரும். முன்னால ஒரு கிளை வலது ஓரத்துலேருந்து இருட்டா உள்ள நீட்டிட்டு இருந்தா அருவி இன்னும் தூரமா போகும்.

கீழ தண்ணி தேங்கற எடத்துல ப்ரஷ்ஷ படுக்கை வாட்டத்துல இழுக்கணும், செங்குத்தா விழுந்த தண்ணி இங்க படுத்து ஓடுது. மேல இருக்கற பாறையோட இருட்டு, அருவியோட வெளுப்பு ரெண்டும் நேர் கீழ லேசா கலங்கலா விழட்டும்.

ஆளுங்கள வைங்க, கண்டிப்பா வைங்க. மெயினருவி ஆளில்லாம எந்த சீசன்ல இருந்துச்சு? லைனர் ப்ரஷ்ல ஒரு பொட்டு தலை, அதுக்குக் கீழ ஒரு சின்ன இழுப்பு உடம்பு, கால் இன்ச்சுக்கு மேல போகக்கூடாது, நாலஞ்சு பேர் சேந்து நிக்கற ஒரு கூட்டம், தள்ளி ஒத்தையா ஒருத்தர். காவித் துண்டு, செவப்பு, மஞ்சள்னு ரெண்டு மூணு கலர் பொட்டு. அருவி எவ்வளவு பெருசுன்னு சொல்றது அந்தக் கால் இன்ச் ஆளுதான். கையும் காலும் மூஞ்சியும் வரைய ஆரம்பிச்சீங்கன்னா கண்ணு அங்கயே போயி நின்னுடும், பொட்டோட விட்டுடுங்க.

அப்புறம் அந்த வெள்ளை

இப்ப படத்த சுவத்துல சாச்சு வச்சுட்டு பத்தடி தள்ளி உக்காந்து டீ குடிங்க. போன்ல ஒரு போட்டோ எடுத்து கருப்பு வெள்ளையா மாத்தி, முதல்ல வச்ச போட்டோவோட ஒப்பிட்டுப் பாருங்க. பாறை போதுமான இருட்டா இல்லன்னு தோணும், பெரும்பாலும் தோணும், அப்படின்னா தண்ணி ஓரத்துல இருக்கற பாறைய இன்னொரு தடவை இருட்டாக்குங்க, வெள்ளைய கூட்டாதீங்க. தண்ணி மங்கலா தெரியுதேன்னு வெள்ளைய மேல மேல ஏத்தித்தான் நான் ரெண்டு கேன்வாஸ பாழாக்கினேன், மூணாவதுல பக்கத்துப் பாறைய கருப்பாக்கினதும் அதே சாம்பல் தண்ணி வெள்ளையா எந்திரிச்சு நின்னுச்சு.

அதுக்கப்புறம்தான் தண்ணியோட மூணாவது லேயர்: புதுசா கழுவின ப்ரஷ், புதுத் தண்ணி, ட்யூப்லேருந்து நேரா எடுத்த டைட்டானியம் வொயிட், எதையும் கலக்காம. மேல் அருவில வெளிச்சம் படற எடதுபக்கம் ஆறேழு கொத்து, பொங்குமாங்கடல்ல தண்ணி மோதி எகிர்ற எடத்துல கெட்டியா நாலு தட்டு, கீழ பாறை மேடுகள்ல அங்கங்க. இது மெல்லிசா இருக்கக்கூடாது, கேன்வாஸ்லேருந்து மேடா நிக்கணும், வேணும்னா நைஃப் நுனியால வைங்க. கடைசியா ஒரு பழைய டூத் ப்ரஷ்ல வெள்ளைய தொட்டு கட்டை விரலால சுண்டினா துளி தெறிக்கும், மத்த எடத்த பேப்பரால மூடிட்டு சாரல் மேல மட்டும் ரெண்டு மூணு சுண்டு சுண்டுங்க.

கையெழுத்து போட்டுட்டு ப்ரஷ்ஷ உடனே சோப்பு போட்டு கழுவிடுங்க, அக்ரிலிக் ப்ரஷ்ல காஞ்சா அது ப்ளாஸ்டிக், திரும்ப வராது. கழுவின தண்ணிய சிங்க்ல ஊத்தாம ஒரு பக்கெட்ல விட்டு வச்சா பெயின்ட் நெறைய அடில படியும், மேல இருக்கற தண்ணிய எறுத்துட்டு அந்த வண்டல பேப்பர்ல வழிச்சு குப்பைல போடலாம். வார்னிஷ் அடிக்க ஒரு வாரமாவது பொறுங்க, கெட்டியா வச்ச வெள்ளை உள்ள காய நாளாகும். அது வரைக்கும் தூசி படாத எடத்துல நிக்கட்டும், முக்கியமா ரெண்டு கேன்வாஸ முகத்தோட முகம் ஒட்டி அடுக்கி வைக்காதீங்க, நம்ம ஊர் வெயில்ல அக்ரிலிக் எளகி ஒண்ணோட ஒண்ணு பிசின் மாதிரி ஒட்டிக்கும், பிரிக்கும்போது முதல்ல உரிஞ்சு வர்றது மேடா வச்ச அந்த வெள்ளைதான்.